கொலத்தின் கணக்கு எங்கே தவறுகிறது?

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் பிறையில் உள்ள ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடத்தில் மூத்த வேதியியலாளராக இருக்கிறேன். ஆறு எச்பிஎல்சி கருவிகளும் (மருந்துக் கரைசலில் உள்ளவற்றைப் பிரித்து அளப்பவை) நாற்பதுக்கு மேல் கொலங்களும் (அந்தப் பிரிப்பு நடக்கும், நுண்துகள் அடைத்த குழாய்கள்) வைத்திருக்கிறோம். எல்லாக் கொலங்களுக்கும் ஒரே லாக்புக்தான் (பதிவேடு). அண்மையில் நடந்த ஆடிட்டில் (தரத் தணிக்கை) சி18 என்ற வகைக் கொலம் ஒன்றைக் கையில் எடுத்து, "இதில் இதுவரை எத்தனை இன்ஜெக்‌ஷன் போயிருக்கிறது?" என்று கேட்டார்கள் (ஊசி ஒருமுறை கரைசலை ஏற்றுவது ஓர் இன்ஜெக்‌ஷன்). லாக்புக்கில் 612 என்று இருந்தது, கணினியில் தேடிக் கூட்டினால் 790 வந்தது. எங்களால் விளக்கம் சொல்ல முடியவில்லை. மேலாளர் புதிய மென்பொருள் வாங்கிவிடலாம் என்கிறார். அது தேவைதானா? ஒரே கொலத்தை இரண்டு மருந்துகளுக்குப் பயன்படுத்தலாமா? எத்தனை இன்ஜெக்‌ஷனுக்குப் பிறகு ஒதுக்க வேண்டும்? எங்கள் கொலங்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகின்றன?
— வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: வணக்கம் சகோதரி. நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். 612க்கும் 790க்கும் நடுவில் விழுந்த ஓட்டையை முதலில் அடைத்துவிட்டால் மற்ற மூன்றுக்கும் வழி பிறக்கும். ஒரு மாத்திரையில் மருந்தின் அளவு 99.2 விழுக்காடு என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். அந்த எண் எந்தக் கொலத்தின் வழியாக வந்தது, அன்றைக்கு அந்தக் கொலம் எந்த நிலையில் இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் அந்த முடிவு அரைகுறைதான். ஆடிட்டரைத் திருப்திப்படுத்தும் காகிதம் என்று லாக்புக்கை நினைக்கும் ஆய்வுக்கூடங்களில்தான் இப்படி எண்கள் முட்டிக்கொள்கின்றன.

இந்த 178 வித்தியாசம் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோன்றியபடி எண்ணுவது. ஒருவர் சாம்பிளை மட்டும் எண்ணுவார், இன்னொருவர் ஸ்டாண்டர்டையும் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) சேர்ப்பார், பிளாங்க்கை (மருந்தில்லாத வெறும் கரைசல்) யாரும் எண்ணுவதில்லை. இரண்டாவது, பாதியில் நின்றுபோன சீக்குவன்ஸ், அதாவது வரிசையாக ஓடும் இன்ஜெக்‌ஷன்களின் தொகுதி. அழுத்தம் ஏறி கருவி நின்றுவிட்டது, மறுபடி தொடங்கினார்கள், லாக்புக்கில் இரண்டாவது ஓட்டம் மட்டும் ஏறியது. மூன்றாவது, லாக்புக்கே தொடாமல் போன பயன்பாடு: காலையில் யாரோ "சும்மா ஒரு ஸ்டாண்டர்டு போட்டுப் பார்க்கிறேன்" என்று செய்தது. மூன்றாவதைத்தான் ஆடிட்டர் தேடுகிறார். முதல் இரண்டும் கவனக்குறைவு. கணக்கில் வராத இன்ஜெக்‌ஷன் அப்படியல்ல, அது தரவு நம்பகத்தன்மையைத் தொடும் விஷயம்.

ஆகவே எஸ்ஓபியில் (எழுதிவைத்த செயல்முறை) முதல் வரியாக இதை எழுதுங்கள்: கொலம் கருவியில் மாட்டியிருக்கும்போது ஊசி எத்தனை முறை ஏற்றியதோ அத்தனையும் கணக்கு. பிளாங்க், சிஸ்டம் சூட்டபிலிட்டி (கருவியும் கொலமும் தகுதியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கும் சோதனை), இடையில் வரும் ஸ்டாண்டர்டு, சாம்பிள், தோற்றுப்போனது, நிறுத்தப்பட்டது எல்லாமே. அடுத்த வரி: எண்ணிக்கையைக் கணினிப் பதிவிலிருந்துதான் எடுக்க வேண்டும், நினைவிலிருந்து அல்ல.

மென்பொருள் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். எம்பவர், குரோமிலியான் போன்ற எச்பிஎல்சி மென்பொருள்களில் நீங்களே உருவாக்கிக்கொள்ளும் தகவல் கட்டங்கள் ஏற்கெனவே உண்டு. உங்களிடம் இருப்பதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் கொலம் எண்ணுக்கு ஒரு கட்டம் உருவாக்கி, நிரப்பாமல் சீக்குவன்ஸ் ஓடாதபடி கட்டாயமாக்குங்கள். தட்டச்சு செய்ய விடாதீர்கள், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். தட்டச்சு செய்தால் ஒரே கொலம் மூன்று விதமாக எழுதப்பட்டு, தேடும்போது மூன்று கொலங்களாகத் தெரியும். இந்த மாற்றம் சேஞ்ச் கன்ட்ரோல் (மாற்றத்துக்கு முறைப்படி ஒப்புதல் பெறும் நடைமுறை) வழியாகப் போக வேண்டும், சோதித்து ஆவணப்படுத்த வேண்டும். அதைச் செய்துவிட்டால் எந்தக் கொலத்தின் மொத்த எண்ணிக்கையையும் ஒரு தேடலில் எடுக்கலாம். நாற்பது கொலத்துக்குப் புதிய மென்பொருள் வாங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. மேலாளரிடம் அந்தப் பணத்தை இரண்டாவது கொலங்கள் வாங்கக் கேளுங்கள், காரணம் பின்னால் வரும்.

எக்செல் பற்றி ஓர் எச்சரிக்கை. பூட்டாத, சரிபார்க்காத, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய எக்செல் கோப்பு, பக்க எண் போட்டுக் கட்டிய லாக்புக்கைவிட மோசம். தர உறுதிப் பிரிவு எண் போட்டு வழங்கிய லாக்புக் முழுக்க ஏற்கத்தக்க ஆவணம்தான். வாட்டர்ஸ் நிறுவனத்தின் சில கொலங்களில் ஈகார்டு என்ற சில்லு இருக்கும். இன்ஜெக்‌ஷன் எண்ணிக்கை, கண்ட அதிக அழுத்தம், வெப்பம் எல்லாவற்றையும் அதுவே பதிந்துகொள்ளும். நல்ல வசதிதான். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த கருவியில் மாட்டினால்தான் வேலை செய்யும், மற்ற நிறுவனக் கொலங்களுக்கு உதவாது. அதைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள்.

இப்போது பழைய கணக்கு. 612ஐ அடித்துவிட்டு 790 என்று எழுதாதீர்கள். லாக்புக்கின் பழைய பக்கங்களில் ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது. ஒரு டிவியேஷன் (விலகல் அறிக்கை) திறந்து, அந்தக் கொலம் வந்த நாளிலிருந்து எல்லா சீக்குவன்ஸ்களையும் ஆடிட் டிரெயிலோடு (யார், எப்போது, என்ன செய்தார் என்ற கணினித் தடம்) எடுத்து ஒவ்வொன்றாக லாக்புக்கோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட ஒவ்வொன்றுக்கும் என்ன ஓடியது, யார் ஓட்டினார்கள், முடிவு எங்கே என்ற மூன்றும் வேண்டும். அந்தக் காலத்தில் வெளியிட்ட பேட்ச்களின் (உற்பத்தித் தொகுதிகள்) சிஸ்டம் சூட்டபிலிட்டி தேறியிருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்த்து எழுதுங்கள். மருந்தின் தரத்துக்கு அதுதான் முக்கியம். பிறகு புதிய பதிவில் "தொடக்க எண்ணிக்கை 790, இந்த டிவியேஷனின்படி" என்று தேதியோடு இருவர் கையெழுத்திடுங்கள். எந்தக் கொலத்தின் வரலாற்றை மீட்கவே முடியவில்லையோ அதை ஒதுக்கிவிடுங்கள். ஒரு கொலத்தின் விலையை மிச்சம் பிடிக்க அதை வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

ஒரே லாக்புக் என்பதையும் மாற்ற வேண்டும். கொலத்துக்கு ஒரு பக்கமாவது தனியாக வேண்டும். வந்த அன்றே ஓர் எண் கொடுங்கள், அந்தக் கொலம் செத்த பிறகும் அந்த எண் வேறொன்றுக்குப் போகக்கூடாது. பக்கத்தின் தலையில் நிறுவனம், பகுதி எண், சீரியல் எண், உள்ளே அடைத்த துகளின் லாட் எண், நீளம், உள்விட்டம், துகளின் அளவு, அமெரிக்க மருந்துத் தரநூலான யுஎஸ்பி தரும் வகை (சி18 என்றால் எல்1, சி8 என்றால் எல்7), வந்த தேதி, திறந்த தேதி, எந்த மருந்துக்கு, எந்தச் சோதனை முறைக்கு என்று இருக்கட்டும். லாட் எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புதிய கொலத்தில் இரண்டு பீக்குகள் (பிரிந்து வரும் பொருள் வரைபடத்தில் காட்டும் மேடு) திடீரென ஒட்டிக்கொண்டால் முதலில் தேடப்போவது அதைத்தான். கொலத்தின் மேல் பேனாவால் எழுதினால் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் ஒரு துளி பட்டதும் போய்விடும். கரைப்பானைத் தாங்கும் அச்சடித்த லேபிளை ஒட்டுங்கள், ஓட்டத் திசை காட்டும் அம்புக்குறியையும் சீரியல் எண்ணையும் மறைக்காமல்.

பெட்டியோடு வரும் சான்றிதழில் பிளேட் எண்ணிக்கை (கொலம் பிரிக்கும் திறனின் அளவு) உயர்வாக இருக்கும். உங்கள் கருவியில் அதே எண் வராது. குழாய், டிடெக்டர் செல் ஆகியவற்றின் கொள்ளளவு பீக்கை அகலமாக்கும், சோதிக்கும் பொருளும் வேறு. ஆகவே சான்றிதழைக் கோப்பில் வைத்துவிட்டு, உங்கள் சொந்த முறையில் முதல் சிஸ்டம் சூட்டபிலிட்டி தந்த பிளேட், டெய்லிங் (பீக்கின் வால் எவ்வளவு நீள்கிறது), ரெசல்யூஷன் (பீக்குகள் எவ்வளவு விலகி நிற்கின்றன), பீக் வரும் நேரம், தொடக்க அழுத்தம் ஐந்தையும் அடிப்படை அளவாக எழுதிவையுங்கள். அதன்பின் ஒவ்வொரு சீக்குவன்ஸுக்கும் ஒரு வரி: தேதி, கருவி எண், சீக்குவன்ஸ் பெயர், மருந்தும் பேட்ச்சும், இந்த ஓட்டத்தின் இன்ஜெக்‌ஷன், மொத்தம், அந்த ஐந்து அளவுகள், கழுவியதும் சேமித்ததும் எதில், கையெழுத்து. முடிவுகளைச் சரிபார்ப்பவர் அதே வேளையில் இந்த வரியைக் கணினியோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்ப்பது பலன் தராது.

எத்தனை இன்ஜெக்‌ஷனில் ஒதுக்குவது என்று கேட்டீர்கள். ஆயிரம் என்று யாராவது சொன்னால் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். சுத்தமான மூலப்பொருள் கரைசல் மட்டும் போகும் கொலம் அதைத் தாண்டியும் நன்றாக இருக்கும். களிம்பு, சிரப் போன்றவை போகும் கொலம் முந்நூறிலேயே தளரலாம். எண்ணிக்கையை நிறுத்திப் பார்க்கும் புள்ளியாக வையுங்கள்: உதாரணமாக ஒவ்வொரு 200 இன்ஜெக்‌ஷனுக்கும் ஒருமுறை அந்த ஐந்து அளவுகளையும் அடிப்படையோடு ஒப்பிட்டு, தொடரலாமா என்று மூத்தவர் ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒதுக்கும் முடிவை அளவுகள் சொல்லட்டும். முறையின் எல்லை டெய்லிங் 2.0 என்றால் 1.7லேயே எச்சரிக்கை வையுங்கள். பிளேட் அடிப்படையிலிருந்து 30 விழுக்காடு விழுந்தால் எச்சரிக்கை. யுஎஸ்பி 621ஆம் அத்தியாயம், மோனோகிராஃபில் (அந்த மருந்துக்கான தனிப் பகுதி) வேறு எதுவும் சொல்லாதபோது அளவிடும் பீக்கின் சமச்சீர் (அதாவது டெய்லிங்) 0.8க்கும் 1.8க்கும் இடையில் இருக்க வேண்டும் என்கிறது. பார்மகோப்பியா (மருந்துத் தரநூல்) முறையில் வேலை செய்தால் உங்கள் எச்சரிக்கை எல்லையை அதற்கும் உள்ளே போடுங்கள்.

இந்த அளவுகளைப் படிக்கத் தெரிந்தால் கொலம் ஏன் கெடுகிறது என்பதையும் அதுவே சொல்லும். பீக்கின் உருவம் மாறாமல் அழுத்தம் மட்டும் மெல்ல மெல்ல ஏறினால் நுழைவாயில் ஃபிரிட் (துகளைத் தாங்கும் வடிகட்டித் தட்டு) அடைபடுகிறது: வடிகட்டாத சாம்பிள், பஃபரின் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) உப்பு, அல்லது பம்ப் சீலிலிருந்து உதிரும் துகள். எல்லா பீக்கும் ஒரே மாதிரி இரண்டாகப் பிளந்தாலோ தோள் வைத்தாலோ நுழைவில் பள்ளம் விழுந்திருக்கலாம், அல்லது ஃபிரிட் பாதி அடைந்திருக்கலாம். ஆனால் அதற்கு முன் குழாய் முனையைக் கழற்றிப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் கொலத்துக்கு இறுக்கிய ஸ்டீல் ஃபெரூலை (குழாய் முனையைப் பிடிக்கும் வளையம்) வேறு நிறுவனக் கொலத்தில் மாட்டினால் குழாய் அடிவரை போய் உட்காராது. அந்த இடைவெளியும் இதே அடையாளத்தைத்தான் காட்டும், நல்ல கொலத்தைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள். காரத்தன்மை உள்ள மருந்தின் பீக் மட்டும் வால் நீண்டால் துகளின் அடிப்பொருளான சிலிக்காவின் மேற்பரப்பு வெளியே தெரியத் தொடங்கிவிட்டது. பீக்குகள் எல்லாம் முன்னால் வருகின்றன என்றால், தங்காமல் ஓடும் முதல் பீக்கின் நேரத்தைப் பாருங்கள். அதுவும் முன்னால் வந்திருந்தால் கோளாறு பம்பில். அது அசையாமல் மற்றவை மட்டும் நகர்ந்திருந்தால் மொபைல் ஃபேஸ் (கொலத்தின் வழியே ஓடும் திரவம்) கலந்த விதத்தையும் ஓவன் வெப்பத்தையும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கொலத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் கொலங்கள் சீக்கிரம் போவதற்குக் கழுவும் முறையே காரணம் என்று எனக்குப் படுகிறது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 150 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. விட்டம் கொண்ட கொலத்தில் திரவம் நிற்கும் இடம் ஏறக்குறைய 1.6 மி.லி. 250 மி.மீ. என்றால் 2.7 மி.லி. ஒருமுறை கழுவ அதைப் போல் இருபது மடங்கு வேண்டும், அதாவது 32 மி.லி. அல்லது 54 மி.லி. நிமிடத்துக்கு 1 மி.லி. ஓட்டத்தில் அரை மணி நேரமும், ஒரு மணிக்குச் சற்றுக் குறைவும். பத்து நிமிடம் கழுவிவிட்டுக் கழற்றினால் உப்பு உள்ளேயே இருக்கும்.

முதலில் அதே விகிதத்தில், ஆனால் பஃபருக்குப் பதில் வெறும் தண்ணீரும் அசிட்டோநைட்ரைலும் ஓட்டுங்கள். பஃபரிலிருந்து நேராக அசிட்டோநைட்ரைலுக்குத் தாவினால் பாஸ்பேட் உள்ளேயே படிந்துவிடும். செறிவைப் பொறுத்து, அசிட்டோநைட்ரைல் எழுபது விழுக்காட்டை நெருங்கும்போதே ஆபத்து தொடங்குகிறது. அதே போல் நூறு விழுக்காடு தண்ணீரும் வேண்டாம். சாதாரண சி18 கொலத்தில் துகளின் துளைகளிலிருந்து திரவம் வெளியேறி, அடுத்த நாள் பீக்குகள் தங்காமல் ஓடும். பத்து விழுக்காடாவது அசிட்டோநைட்ரைல் இருக்கட்டும். உப்பு போன பிறகு அசிட்டோநைட்ரைல் அளவை உயர்த்தி இன்னும் இருபது மடங்கு, பிறகு உற்பத்தியாளர் சொன்ன கரைசலில் சேமிப்பு. இரண்டு முனைகளிலும் அடைப்பான்களை இறுக்கிப் போடுங்கள், காய்ந்த கொலம் மீள்வது அரிது. பிஎச் 2க்குக் கீழே பிணைத்த படலம் கழலும், 8க்கு மேலே சிலிக்காவே கரையும். அதற்கென்று செய்த கொலமாக இல்லாவிட்டால் அந்த எல்லைக்குள் நில்லுங்கள்.

பினாங்கு வெயிலில் இன்னொன்றும் உண்டு. மாலையில் குளிர்சாதனத்தை நிறுத்தும் ஆய்வுக்கூடங்களில் பிஎச் 7 பாஸ்பேட் பஃபர் இரண்டு மூன்று நாளிலேயே கிருமிகளுக்கு விருந்தாகிவிடும். அந்தப் பஃபரோடு கொலத்தை விட்டுவிட்டுச் சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் போய்த் திரும்பினால் ஃபிரிட்டில் அடைப்பு காத்திருக்கும். கழுவும் ஓட்டத்தைச் சீக்குவன்ஸின் கடைசி வரிகளாகவே எழுதிவிடுங்கள். காலையில் வருபவர் பார்த்துக்கொள்வார் என்று விடக்கூடாது. பஃபர் போத்தலுக்குக் காலாவதி தேதி போடுங்கள், பழையதன் மேல் புதியதை ஊற்றாதீர்கள். 5 மைக்ரான் கொலத்துக்குப் போகும் சாம்பிளை 0.45 மைக்ரானிலும், 2 மைக்ரானுக்குக் கீழான கொலத்துக்குப் போவதை 0.2 மைக்ரானிலும் வடிகட்டுங்கள். கார்டு கொலம் (கொலத்தின் முன்னால் மாட்டும் சிறு பாதுகாப்புக் கொலம்) போட்டால் அதையும் பதிவில் எழுதுங்கள். அதை மாற்றிய தேதி தெரியாமல் அழுத்தம் இறங்கியதற்கு விளக்கம் சொல்ல முடியாது.

இரண்டு மருந்துக்கு ஒரு கொலம்? என் பதில், வேண்டாம். ஒரு முறைக்கு ஒரு கொலம் என்பதே பாதுகாப்பு. மாசுப்பொருள் அளக்கும் முறைக்கு உரிய கொலத்தை வேறு எதற்கும் தொடக்கூடாது, 0.1 விழுக்காட்டில் ஒரு பழைய மருந்தின் மிச்சம் எழுந்தால் அது புதிய மாசு போலத் தெரியும். அயான் பேர் ரசாயனம் (மின்னேற்றம் உள்ள மருந்தோடு இணைசேரும் பொருள்) ஓடிய கொலம் அந்த முறைக்கே சொந்தம், எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. கரைதல் சோதனை ஊடகத்தில் சோடியம் லாரில் சல்ஃபேட் (சோப்பு போன்ற பொருள்) இருந்தால் அந்தக் கொலமும் அப்படித்தான். ஒரே வகை மொபைல் ஃபேஸில் ஓடும் அளவீட்டு முறைகள் இரண்டுக்கு மட்டும், நிர்ப்பந்தம் என்றால் பகிரலாம். அப்போது மாறும் ஒவ்வொரு முறையும் பிளாங்க் ஒன்றை ஓட்டி, பீக் வரும் இடத்தில் எதுவும் இல்லை என்று பதிவு செய்யுங்கள்.

மேலே சொன்ன இரண்டாவது கொலம் இதற்காகத்தான். முக்கியமான முறை ஒவ்வொன்றுக்கும், முதல் கொலம் நன்றாக இருக்கும்போதே, வேறு லாட்டிலிருந்து இன்னொன்றை வாங்கிச் சோதித்து வையுங்கள். இருப்பு இல்லாமல் பார்மகோப்பியா முறையில் வேறு அளவு கொலத்துக்கு மாற நேர்ந்தால், அதே வகைப் பொதிப்பில், நீளத்தைத் துகளின் அளவால் வகுத்து வரும் எண் 25 விழுக்காடு குறையலாம், 50 விழுக்காடு கூடலாம் என்று யுஎஸ்பி அனுமதிக்கிறது. 150 மி.மீ., 5 மைக்ரான் என்றால் 30,000. 100 மி.மீ., 3 மைக்ரான் 33,333 தரும், எல்லைக்குள் அடங்கும். 150 மி.மீ., 3 மைக்ரான் 50,000 ஆகிவிடும், அடங்காது. எதுவானாலும் சரிபார்த்து ஆவணப்படுத்திய பிறகே. நீங்களே உருவாக்கிப் பதிவு செய்த முறைக்கு இந்தச் சலுகையைத் தானாக எடுத்துக்கொள்ள முடியாது, சேஞ்ச் கன்ட்ரோல் வேண்டும்.

சிஸ்டம் சூட்டபிலிட்டி தோற்றால் என்ன செய்வது என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த ஆடிட்டில் கேட்பார்கள். மலேசியா 2002 முதல் பிக்ஸ் (மருந்து ஆய்வு அமைப்புகளின் அனைத்துலகக் கூட்டமைப்பு) உறுப்பினர், நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏவின் அதிகாரிகள் அந்தக் கண்ணோடுதான் வருவார்கள். தேறும்வரை கொலத்தை மாற்றி மாற்றிப் போடுவது அவர்கள் தேடும் முதல் அடையாளங்களில் ஒன்று. தோற்ற ஓட்டத்தை அப்படியே வையுங்கள், காரணத்தைத் தேடி எழுதுங்கள். கொலத்தை மாற்றினால் பழையதற்கு "தீர்ப்பு நிலுவையில்" என்று அட்டை கட்டித் தனிப்பெட்டியில் பூட்டுங்கள், புதியதில் சிஸ்டம் சூட்டபிலிட்டியை முதலிலிருந்து ஓட்டுங்கள். இடையில் வரும் ஸ்டாண்டர்டு தோற்றால் அதைச் சார்ந்த சாம்பிள்களின் முடிவை எடுக்கக்கூடாது, விசாரணை திறக்க வேண்டும். கொலத்தைப் பதப்படுத்த உண்மையான சாம்பிளை ஒருபோதும் ஏற்றாதீர்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் வெளியிட்ட தரவு நம்பகத்தன்மை வழிகாட்டியில் இதைத் தனிக் கேள்வியாகவே எடுத்துப் பேசுகிறது. ஸ்டாண்டர்டு கரைசல் போதும், அதுவும் எஸ்ஓபியில் எழுதியிருந்தால் மட்டும்.

ஒதுக்கிய கொலத்தைப் "பயிற்சிக்கு" என்று அதே அலமாரியில் வைக்காதீர்கள். அவசரமான ஒரு வெள்ளிக்கிழமை அது கருவிக்குத் திரும்பிவிடும். கடைசி எண்ணிக்கை, காரணம், தேதி எழுதிப் பக்கத்தை மூடி, மென்பொருள் பட்டியலிலிருந்து அந்த எண்ணை நீக்கி (பழைய தரவில் அது அப்படியே இருக்கும்), முனைகளைக் கழற்றிப் பயனற்றதாக்கிவிடுங்கள். கழுவிய அசிட்டோநைட்ரைல், மெத்தனால் கழிவு 2005ஆம் ஆண்டின் திட்டமிட்ட கழிவு விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 322 என்ற கழிவு வகையில் சேரும், தொட்டியில் ஊற்றக்கூடாது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாது. முதலில் கொலம் அலமாரியைத் திறந்து கையிருப்பை எண்ணுங்கள், லாக்புக்கில் இருந்து அலமாரியில் இல்லாததும், அலமாரியில் இருந்து லாக்புக்கில் இல்லாததும் எத்தனை என்று தெரியும். அடுத்து மாசுப்பொருள் முறைகளுக்கு உரிய கொலங்களுக்குத் தனிப்பக்கம், கணினிக் கட்டம், தொடக்க எண்ணிக்கை. மற்றவை அதன் பின். ஆடிட்டருக்குத் தரும் பதிலில் பயிற்சி கொடுத்தோம் என்று மட்டும் எழுதினால் ஏற்கமாட்டார்கள். மூன்று மாதம் கழித்து, அந்த வேலையைச் செய்யாத ஒருவர் ஐந்து கொலங்களைத் தானே தேர்ந்தெடுத்து லாக்புக்கையும் கணினியையும் ஒப்பிடுவார், ஒரே ஓர் இன்ஜெக்‌ஷன் வித்தியாசம் இருந்தாலும் மீண்டும் திறப்போம் என்று எழுதி, அந்தத் தேதியையும் குறிப்பிடுங்கள்.